தன்னை நேசிப்பது சுயநலமா? கேள்விகளும் பதில்களும்

உறவில் அடிபட்டு வருகிறவர்களோடு பல வருடங்களாகப் பேசிவருகிற ஆலோசகர் நான். தன்னை நேசிப்பதற்கும் உறவுகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: "முதலில் உன்னை நேசி, அப்புறம்தான் இன்னொருவரை நேசிக்க முடியும்" என்கிறார்கள். எனக்கு என்னைப் பிடித்ததே இல்லை அக்கா. அப்படியென்றால் நான் கல்யாணமே செய்துகொள்ளக் கூடாதா?

தாராளமாகச் செய்துகொள்ளலாம். அந்த வாசகம் பாதி உண்மை, மீதிப் பாதி பலரை வீணாகப் பயமுறுத்துகிறது. தன்னை நேசிப்பதை யாரும் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்வதில்லை. அழும்போது தூக்க ஒருவர் வருகிறார் என்பதிலிருந்துதான் "நான் தூக்கப்பட வேண்டியவன்" என்பதைக் குழந்தை கற்கிறது. பிரிட்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி இந்தப் பிணைப்பைப் பற்றி விரிவாக எழுதினார். 1987-ல் ஹேசன், ஷேவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே பிணைப்பு பெரியவர்களின் காதலிலும் வேலை செய்வதைக் காட்டினார்கள். சின்ன வயதில் கிடைக்காததைப் பிற்பாடு ஒரு நல்ல துணையிடமோ நண்பரிடமோ பெற்றுத் தேறியவர்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். "நான் மதிப்புள்ளவள்" என்று தினமும் நிரூபித்துக்காட்டும் பொறுப்பு முழுவதையும் வருகிறவர் தலையில் கட்டாதீர்கள். எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அது அவரால் முடியாது.

கேள்வி: இதெல்லாம் புதுசாக வந்த பேச்சு. தன்னையே நேசிப்பவன் சுயநலக்காரன் ஆகமாட்டானா?

புதுசு இல்லை ஐயா. "தன்னைத்தான் காதலன் ஆயின் எனைத்தொன்றும் துன்னற்க தீவினைப் பால்" என்கிறது 209-வது குறள். தன்மேல் அன்பிருந்தால் அடுத்தவருக்குத் தீங்கு செய்யும் பக்கமே போகாதே என்று அர்த்தம். தன்மேல் வைக்கும் அன்பையே அடுத்தவருக்குக் காவலாக நிறுத்துகிறார் வள்ளுவர்.

உளவியலாளர் எரிக் ஃப்ரம் 1956-ல் இன்னும் பச்சையாகச் சொன்னார்: சுயநலமும் தன்னை நேசிப்பதும் ஒன்றல்ல, நேர் எதிரானவை. உள்ளே காலியாக இருப்பவர்தான் கிடைப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ளப் பார்க்கிறார்.

பெற்றோர்களுக்கு ஒரு தகவல். நெதர்லாந்தில் 565 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. "மற்ற பிள்ளைகளைவிட நீ உசத்தி" என்று வளர்க்கப்பட்டவர்களிடம் தற்பெருமை கூடியது. "நீ எனக்குப் பிரியமானவன்" என்ற கனிவை உணர்ந்தவர்களிடம் சுயமதிப்பு கூடியது. உசத்தி என்று சொல்வதும் பிரியம் என்று சொல்வதும் வேறு வேறு விதைகள்.

கேள்வி: என் மனைவியிடம் எதைச் சொன்னாலும் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்கிறாள். பாராட்டினாலும் நம்புவதில்லை. நான் என்னதான் செய்வது?

கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இதே சிக்கலோடு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு தம்பதி என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேச்சின் நடுவே கணவர், "வண்டிச் சாவி உன் பையிலா இருக்கு?" என்று கேட்டார், அவ்வளவுதான். அவர் மனைவியின் கை உடனே பையைத் திறந்து துழாவ ஆரம்பித்தது. "நான் தொலைக்கல, நான் தொலைக்கல" என்றார். சாவி கணவரின் சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் கேட்டது சாவியை. அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது இருபது வருடத்துக்கு முன்பு வேறு யாரோ வேறு எதற்கோ போட்ட சத்தம்.

சாண்ட்ரா மரே என்ற உளவியலாளர் இதைத் தம்பதிகளிடம் ஆராய்ந்திருக்கிறார். தன்னைத் தாழ்வாக நினைப்பவர், துணை தன்மேல் வைத்திருக்கும் மதிப்பையும் உள்ளதைவிடக் குறைவாகவே கணக்குப் போடுகிறார். "எப்படியும் இவர் விட்டுவிட்டுப் போய்விடுவார்" என்ற பயத்தில், அடிபடுவதற்கு முன் தானே ஒரு அடி விலகிக்கொள்கிறார். அந்த விலகல் துணையை நிஜமாகவே புண்படுத்திவிடுகிறது. பயந்தது கடைசியில் நடந்துவிடுகிறது.

அதனால் பெரிய பெரிய பாராட்டுகளை விட்டுவிடுங்கள். "நீ தேவதை" என்றால் "இவருக்கு என்னை முழுசாகத் தெரியாது, தெரிந்தால் வெறுத்துவிடுவார்" என்றுதான் அவர் மனசு சொல்லும். "நேத்து அம்மாகிட்ட நீ பொறுமையா பேசின, எனக்கு நிம்மதியா இருந்துச்சு" என்று நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததை மறுப்பது கஷ்டம். குறை சொல்ல வேண்டி வந்தால், "கோபமா இல்ல, இந்த ஒரு விஷயம் மட்டும்தான்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டுப் பேசுங்கள். அவர் நம்ப நாளாகும். உங்களுக்கும் அலுப்பு வரும், அதை மறைக்காமல் அவரிடமே சொல்லலாம்.

கேள்வி: தப்பு செய்தால் என்னை நானே திட்டிக்கொண்டால்தான் திருந்துவேன். கனிவு காட்டினால் சோம்பேறி ஆகிவிடுவேனே?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். 2012-ல் பிரைன்ஸ், சென் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு தேர்வில் சறுக்கியவர்களில், தங்களிடம் கனிவாக இருக்கும்படி தூண்டப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள்.

உறவில் இதை மன்னிப்புக் கேட்கும்போது பார்க்கலாம். தன்னைத் திட்டிக்கொள்பவர் "நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவன், நான் செத்தா நிம்மதி" என்கிறார். உடனே காயப்பட்டவரே எழுந்து வந்து இவரைத் தேற்ற வேண்டியிருக்கிறது! காயம் அப்படியே கிடக்கிறது. தன்மேல் கனிவு இருப்பவரால்தான் "நான் சொன்னது தப்பு, உனக்கு வலிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்க முடிகிறது. ஆனால் செத்துப்போகலாம் என்ற எண்ணம் நிஜமாகவே வந்தால் தனியாகச் சுமக்காதீர்கள், உடனே நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ சொல்லிவிடுங்கள்.

கேள்வி: யாரிடமும் "முடியாது" என்று சொல்ல வரவில்லை.

சின்னதிலிருந்து தொடங்குங்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்பது போதும். உங்கள் "முடியாது" நம்பும்படி இருந்தால்தான் உங்கள் "சரி"யையும் மற்றவர் நம்புவார்.

கேள்வி: கணவர் என்னை அடிக்கிறார். "நீ உன்னை நேசிச்சிருந்தா இப்படி நடந்திருக்காது" என்கிறாள் என் தங்கை.

இல்லைம்மா. அடிப்பது அடிப்பவருடைய குற்றம். உங்கள் சுயமதிப்பு எவ்வளவு இருந்தது என்பதற்கும் அவர் கைக்கும் சம்பந்தமே இல்லை. தங்கை பாசத்தில் சொல்லியிருப்பார், ஆனாலும் அது தவறு. இப்போது உங்களுக்கு முதல் தேவை பத்திரம். நம்பிக்கையான ஒருவரிடம் உள்ளதைச் சொல்லி வையுங்கள். அவசரத்துக்குப் போக ஓர் இடம், கையில் கொஞ்சம் பணம், முக்கியமான காகிதங்கள், இவற்றை அவருக்குத் தெரியாமல் தயார் செய்யுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் பெண்களுக்கான உதவி எண் இருந்தால், அவர் பார்க்காத போனிலிருந்து கூப்பிடுங்கள். விட்டுவிட்டுக் கிளம்பும் சமயத்தில்தான் ஆபத்து கூடும், அதனால் தனியாகக் கிளம்பாதீர்கள். தன்னை நேசிப்பது பற்றி அப்புறம் நிதானமாகப் பேசலாம், நான் இருக்கிறேன்.

கேள்வி: தினமும் கண்ணாடி முன் நின்று "நான் அன்புக்குரியவள்" என்று சொல்லிக்கொண்டால் பலன் உண்டா?

உங்களுக்கு அது ஏற்கெனவே நம்பிக்கையாக இருந்தால் கொஞ்சம் உண்டு. நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அந்த வாக்கியம் மனநிலையை இன்னும் மோசமாக்கியது என்று உளவியலாளர் ஜோன் வுட்டும் அவர் குழுவினரும் 2009-ல் கண்டார்கள். உள்ளேயிருந்து "பொய்" என்று ஒரு குரல் வருகிறது.

அதற்குப் பதில் இப்படிச் செய்து பாருங்கள். மனசு கலங்கிய நாளில் ஒரு தாளை எடுத்து, உங்கள் பெயரைச் சொல்லி உங்களுக்கே எழுதுங்கள், உயிர்த்தோழிக்கு எழுதுவதுபோல. "இன்னைக்கு அவங்க முன்னாடி உனக்கு வார்த்தை வரல, பயந்துட்ட, அவ்வளவுதான்." இரண்டு வரி போதும். எழுதியதும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், ஒரு வாரம் கழித்து எடுத்துப் படிக்கத் தோன்றும்.