காய் வெந்த தண்ணீர் சாப்பாடு ஆகாது

கேள்வி: பாப்பாவுக்கு ஆறு மாசம் முடிஞ்சு பத்து நாள் ஆகுதுங்க. கேரட்டை வேகவெச்சு மசிச்சுக் குடுத்தா நாலு நாளாத் துப்பிட்டே இருக்கா. காய் வெந்த தண்ணிய மட்டும் குடுத்தாப் போதும்னு அத்தை சொல்றாங்க. மருந்துக்கடையில காய்கறி போட்ட பவுடர்னு ஒரு டப்பாவை எடுத்து நீட்டுனாங்க. எதுங்க சரி? (கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: துப்பட்டும், பயப்படாதீர்கள். பால் உறிஞ்சியே பழகிய நாக்கு, வாய்க்குள் எது வந்தாலும் வெளியே தள்ளும். கொஞ்ச நாளில் அது அடங்கும். புதுச் சுவை பிடிபட எட்டு, பத்து தடவை ஆகும்; சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். தினமும் ஒன்றிரண்டு ஸ்பூன் கொடுங்கள். முகத்தைத் திருப்பினால் அதோடு விட்டுவிட்டு, மறுநாள் மறுபடியும் அதே கேரட்டைக் கொடுங்கள்.

அத்தை பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் குழந்தையின் வயிறு சின்னது. தண்ணீர் அதை நிரப்பிவிடும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. பருப்புத் தண்ணீரும் அப்படித்தான். எடை ஏறவில்லை என்று வரும் எத்தனையோ தாய்மார்களிடம் கேட்டால் இந்தத் தண்ணீர்க் கதைதான் வருகிறது. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை, தாய்ப்பால் போக, நாளுக்கு 200 கலோரி அளவுக்கு உணவு வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதம் இருக்கட்டும். அரசாணிக்காயோ (பரங்கிக்காய்) கேரட்டோ, குழைந்த பருப்பு சாதத்தோடு மசித்து, அரை ஸ்பூன் நெய்யோ கடலை எண்ணெயோ விடுங்கள். பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்தும் ஆறு மாதத்தில் குறைந்துவிடும். காய் மட்டும் அதை ஈடுகட்டாது. நன்றாக வெந்த முட்டை, ஈரல், இல்லாவிட்டால் பருப்போடு தக்காளி என்று சீக்கிரமே சேருங்கள். உப்பு, சர்க்கரை, தேன் ஒரு வயது வரை வேண்டாம்.

டப்பாவுக்கு வருகிறேன். முன்பக்கத்துக் காய்ப் படத்தைப் பார்க்காதீர்கள். திருப்பினால் பின்னால் சேர்மானங்கள் எழுதியிருக்கும். அதிகம் உள்ளது முதலில் வரும். காய் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான உணவை விளம்பரப்படுத்தக் கூடாது, தாய்க்கு இலவச மாதிரி தரக் கூடாது, மருத்துவப் பணியாளருக்கு ஆதாயம் எதுவும் காட்டக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்து, 2003-ல் அதை இறுக்கியும் ஆயிற்று. ஆனாலும் நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் சீட்டு போடும் மேசையிலேயே டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. உழவர் சந்தையில் கால் கிலோ கேரட் வாங்கினால் ஒரு வாரத்துக்குக் காணும்.

உங்களுக்கு இதை முன்பே யாரும் சொல்லாததில் எனக்கு வியப்பில்லை. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் பதினான்காவது வாரத்துக்குப் பிறகு ஒன்பதாம் மாதம்தான் ஊசி. சோறூட்டத் தொடங்கும் ஆறாம் மாதத்தில் ஊசிக்காக வரவேண்டிய நாளே இல்லை. வரும் நாளிலும் ஊசியைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள், என்ன ஊட்டுகிறீர்கள் என்று கேட்க இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை.

தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். உரம் போட்ட காட்டுக் கிணற்றிலும் போர்த் தண்ணீரிலும் நைட்ரேட் என்ற உப்பு சேர்ந்திருக்கலாம். அது மிகுந்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலமாகும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து மிக அதிகம் என்றாலும் உங்கள் பாப்பா விஷயத்திலும் கவனம் தேவை. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றும், நைட்ரேட் அப்படியே நிற்கும். கீரையிலும் பீட்ரூட்டிலும் இயல்பாகவே அது உண்டு. மசித்து வெளியே வைத்தால் இன்னும் கெடுதலாக மாறும். அதனால் அவற்றை அன்றன்றைக்குக் கொஞ்சமாகச் செய்து உடனே ஊட்டுங்கள், மீதியை எடுத்து வைக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீர்தான் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால், பாப்பாவுக்குச் சமைக்கவும் குடிக்கவும் வேறு தண்ணீர் பிடியுங்கள்.