ரத்தத்தில் கால்சியம் நார்மல்... எலும்பில்?

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டரை வருடத்துக்கு முன்பு புதுச்சேரியில் எடை குறைக்க பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 112 கிலோவிலிருந்து 74 கிலோவுக்கு வந்துவிட்டேன். சர்க்கரை மாத்திரையும் நின்றுவிட்டது. ஆனால் ஆறு மாதமாக இடுப்பும் தொடையும் வலிக்கின்றன. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. எட்டு மாதமாக மாதவிலக்கு இல்லை. ரத்தத்தில் கால்சியம் 9.2, நார்மல் என்கிறார்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளை இரவில் சேர்த்துப் போடுகிறேன். தைராய்டு மாத்திரை பழைய அளவேதான். வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். என் எலும்பு தேய்கிறதா? என் தங்கை மகளுக்கு (வயது 27, பிசிஓடி எனும் சினைப்பை நீர்க்கட்டி உண்டு) இரைப்பையை மட்டும் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

9.2 என்ற அந்த எண்ணை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான் இருக்கிறது. இதயமும் நரம்பும் இயங்க ரத்தத்தில் அதன் அளவு குறையவே கூடாது. குடலிலிருந்து போதுமான கால்சியம் வராதபோது, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பி.டி.எச். என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, எலும்பைக் கரைத்து ரத்தத்துக்கு ஈடுகட்டும். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரும், எலும்போ உள்ளே குறைந்துகொண்டிருக்கும். பைபாஸில் உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் போகிறது. கால்சியம் அதிகம் உறிஞ்சப்படும் இடமே அதுதான்.

ஆகவே நீங்கள் கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய சோதனைகள்: பி.டி.எச்., 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, ஆல்கலைன் பாஸ்பேடேஸ், மக்னீசியம், கிரியேட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். கால்சியத்தை ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே இடுப்புக்கும் முதுகெலும்புக்கும், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். முன்கையையும் சேர்த்து எடுத்தால் நல்லது; பி.டி.எச். கூடினால் அங்கே தேய்மானம் தெளிவாகத் தெரியும்.

கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எங்களை அதிகம் கவலைப்பட வைத்த வரி அதுதான். முழங்காலுக்குக் கீழே, தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும் முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுரீரென்று வலித்தால், மாடிப்படியும் பஸ் படியும் ஏறத் தொடை தயங்கினால், அது வைட்டமின் டி குறைவால் எலும்பு மிருதுவாகும் ஆஸ்டியோமலேசியாவாக இருக்கலாம். சரியாகக் கண்டுபிடித்தால் குணமாகும். இதை வெறும் எலும்புத் தேய்மானம் என்று நினைத்து, வைட்டமின் டி-யைச் சரிசெய்யாமல் எலும்பு ஊசி போட்டால், ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி விரல்கள் இழுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை போடும் எலும்பு மாத்திரையும் உங்களுக்கு ஆகாது. சின்ன இரைப்பையில் புண் உண்டாக்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளிலும் இதே ஆபத்து உண்டு. அவற்றை இன்றே நிறுத்துங்கள். தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும்.

இனி உங்கள் மாத்திரைகள். கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும், அதனால் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவே நான்கு மணி நேரம். கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் தேவை, உங்கள் சிறிய இரைப்பையில் அது குறைவு. சிட்ரேட்டாகக் கேட்டு வாங்குங்கள். அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள்: 1000 மி.கி. கால்சியம் சிட்ரேட்டில் உண்மையான கால்சியம் 210 மி.கி. அளவுதான். 'எலிமென்டல் கால்சியம்' என்று போட்டிருக்கும் எண்தான் கணக்கு. உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி. வர வேண்டும், ஒரே வேளையில் 500-600க்கு மேல் உறிஞ்சப்படாது. காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை, 10.30க்குச் சிறு உணவோடு கால்சியம், மதியம் 1 மணிக்கு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து இரும்பு (அந்த வேளையில் தயிர், மோர், டீ வேண்டாம்), மாலை 4.30க்குச் சுண்டலோடும் இரவு 8க்குச் சாப்பாட்டோடும் மறுபடி கால்சியம். உணவோடு போட்டால் கீரையிலுள்ள, கல்லுக்குக் காரணமாகும் ஆக்ஸலேட்டையும் அது குடலிலேயே பிடித்துக்கொள்ளும். பைபாஸ் ஆனவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இது முக்கியம்.

வைட்டமின் டி ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 30 நானோகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். வழக்கமான அளவு தினம் 3000 யூனிட். குறைவு அதிகமானால் 60,000 யூனிட்டை வாரம் ஒன்று என்று எழுதித் தருவார்கள். அதைத் தினமும் போட்டுக்கொண்டு சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு, கவனம்.

கடலூர்க்காரர்களுக்கு மீன் கையெட்டும் தூரம். முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி கால்சியமும் புரதமும் தரும். கருவாட்டில் உப்பு அதிகம். உப்பு சிறுநீர் வழியே கால்சியத்தை இழுத்துக்கொண்டு போகும். புரதம் நாளுக்குக் குறைந்தது 60 கிராம். தட்டில் மீனையோ முட்டையையோ பருப்பையோ முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். சில்வர் பீச்சில் நடப்பது நல்லதுதான், ஆனால் எலும்புக்கு அது மட்டும் போதாது. வலி குறைந்ததும், நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள்.

ஹார்மோன் விஷயம். கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். 38 கிலோ குறைந்ததில் அந்த வரவு குறைந்திருக்கிறது, சினைப்பையும் ஓய்வை நெருங்கும் வயது. எலும்புக்கு இது இரட்டை இழப்பு. ஆனால் முதலில், தயங்காமல், கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள்; எடை குறைந்தபின் கருமுட்டை மறுபடி வெளிவருவது சகஜம். அது இல்லை என்றால் மாதவிலக்கு நிற்கும் காலம்தானா என்று பார்த்து, ஹார்மோன் சிகிச்சை பற்றிப் பேசலாம். உங்களுக்கு மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல் பொருந்தும். கருப்பை இருப்பதால் புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தைராய்டு மாத்திரையின் அளவு 112 கிலோவுக்குப் போட்டது. எடை குறைந்தால் தேவையும் பெரும்பாலும் குறையும். அளவு மிஞ்சினால் அதுவே எலும்பை அரிக்கும். டி.எஸ்.எச். பார்த்து மருத்துவர் மாற்றுவார், நீங்களாகக் குறைக்க வேண்டாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் எண்டோகிரினாலஜி (ஹார்மோன்) பிரிவுக்கு ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

தங்கை மகள் செய்துகொள்ளலாமா என்பதை அவளுடைய எடையும் மற்ற நோய்களும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஸ்லீவில் குடல் மாற்றப்படாததால் எலும்பிழப்பு பைபாஸைவிடக் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. செய்வதென்றால் வைட்டமின் டி-யை முன்பே சரிசெய்துவிடுங்கள். பிசிஓடி உள்ள பெண்களுக்குச் சில மாதங்களிலேயே மாதவிலக்கு ஒழுங்காகிக் கரு தங்கக்கூடும். வேகமாக எடை குறையும் முதல் 12 முதல் 18 மாதம் குழந்தை வேண்டாம். தாய்க்கே சத்து போதாத காலம் அது. அதுவரை காப்பர்-டி போன்ற நம்பகமான ஏற்பாட்டை ஆபரேஷனுக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் பேசி முடிவு செய்யச் சொல்லுங்கள்.