இறகு கொட்டும் கோழிக்குப் புரதம் எவ்வளவு, எதிலிருந்து?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்து வீட்டில் 12 நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். கம்பும் அரிசிக் குருணையும்தான் தீவனம். பகலில் மேயவும் விடுகிறோம். ஐப்பசி பிறந்ததிலிருந்து ஐந்து கோழிகளுக்குக் கழுத்து, முதுகு, வால் என்று இறகு கொட்டுகிறது. முட்டையும் நின்றுவிட்டது. கடலைப்புண்ணாக்கை நிறையப் போடச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டத்து அக்கா. கறிக்கு விற்றுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது?

பதில்: அம்மா, விற்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒரு கோழியைப் பிடித்து, மொட்டையான இடத்தில் மெதுவாக விரல் வைத்துப் பாருங்கள். முள் முள்ளாகக் குத்துகிறதா? அது புது இறகின் முளை. அப்படியானால் இது நோய் இல்லை, இறகு மாற்றம்தான். ஒன்றேகால், ஒன்றரை வயதைத் தாண்டிய கோழி பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறை இப்படிச் சட்டை மாற்றும். பகல் நேரம் குறைந்துகொண்டு வரும் மாதங்களில் இது வருவது வழக்கம். அடைகாத்துக் குஞ்சு வளர்த்துக் களைத்த கோழிக்கும், தண்ணீரோ தீனியோ சில நாள் தட்டிப்போன கோழிக்கும் வரலாம்.

முளையே தென்படாவிட்டால் வால் அடியில் இறகை விலக்கிப் பேன், செள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். முதுகு மட்டும் மொட்டை என்றால் சேவல் மிதித்ததாக இருக்கும். உங்கள் கோழிகளுக்குக் கழுத்தும் வாலும் சேர்ந்து கொட்டுவதால் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு.

முட்டை ஏன் நிற்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். இறகில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் புரதம். ஒன்றரைக் கிலோ கோழியின் இறகு முழுவதையும் நிறுத்தால் ஏறக்குறைய 90 கிராம் வரும். அதில் புரதம் மட்டும் 75 முதல் 80 கிராம். ஒரு நாட்டுக்கோழி முட்டையில் இருப்பது 5 கிராம் அளவுதான். ஆக, பதினைந்து முட்டைக்கான புரதத்தைக் கோழி இரண்டு மூன்று மாதத்துக்குள் தன் தோலில் முளைக்க வைத்தாக வேண்டும். கம்பில் புரதம் 10, 11 சதவீதம். குருணையில் 8 தாண்டாது. இதை மட்டும் தின்று இறகு வளர்க்கும் கோழி இளைத்துப்போகும், முட்டைக்குத் திரும்பவும் தாமதமாகும்.

இந்த நாட்களில் மொத்தத் தீவனத்தில் 18 சதவீதம் புரதம் இருந்தால் போதும். 20-ஐத் தாண்ட வேண்டாம். மிஞ்சிய புரதம் எச்சத்தில்தான் போகும். கூட்டுத் தரை ஈரமாகி அம்மோனியா நெடி அடிக்கும், சிறுநீரகத்துக்கும் சுமை.

கடலைப்புண்ணாக்குக்கு வருவோம். அந்த அக்கா சொன்னதில் பாதி சரி. அதில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் உண்டு. ஆனால் இறகுக்கு முக்கியமாக வேண்டியது கந்தகம் கலந்த மெத்தியோனின், சிஸ்டின் என்ற அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தை உருவாக்கும் கூறுகள். கடலையில் மெத்தியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கிலும் மீனிலும் நன்றாக இருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிய பயம் பூஞ்சை. மழைக்காலத்தில் கடலைப்புண்ணாக்கு சீக்கிரம் பூத்துவிடும். அந்தப் பூஞ்சையின் அஃப்ளடாக்சின் நச்சு ஈரலைத் தின்றுவிடும். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. கொஞ்சம் முக்கல் வாடை வந்தாலும் கோழிக்குப் போடாதீர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட வேண்டாம்.

பத்துக் கிலோ கலவைக்கு உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் ஐந்தரைக் கிலோ, தவிடு 2 கிலோ, சோயா புண்ணாக்கு 1 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு முக்கால் கிலோ, கருவாட்டுத் தூள் 600 கிராம், கோழிக்கான தாது உப்புக் கலவை 150 கிராம். மாட்டுத் தாது உப்பு வேண்டாம். பச்சை சோயாப் பயறை அரைத்துப் போடுவதும் கூடாது. அது செரிமானத்தைக் கெடுக்கும். கருவாடு உப்புப் போடாமல் காய்ந்ததாகவே இருக்கட்டும். சந்தையில் கிடைக்கும் உப்புக் கருவாட்டை இந்த அளவில் கலந்தால் உப்பே கோழியைக் கொன்றுவிடலாம். 13 உருப்படிக்கு நாளொன்றுக்கு 1 கிலோ வேண்டும். நன்றாக மேய்ந்து வந்தால் முக்கால் கிலோ போதும். பத்து நாளைக்கு மேல் கலந்து வைக்காதீர்கள்.

கலக்க நேரமில்லை என்றால் கடைக் குஞ்சுத் தீவனம் முக்கால் பங்கு, கம்பு கால் பங்கு. முட்டைக்கோழித் தீவனம் இப்போது சரிப்படாது. முட்டை ஓட்டுக்காக அதில் சேர்த்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, முட்டையிடாத கோழிக்கும் சேவலுக்கும் அதிகம். முட்டையிடும் மற்ற ஏழு கோழிகளுக்குக் கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்துவிடுங்கள், வேண்டியது தின்னும்.

காசில்லாத புரதமும் தோட்டத்திலேயே இருக்கிறது. பழைய மண்பானையில் கந்தல் சாக்கு, காய்ந்த சாணம், ஓலை போட்டு நீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்துத் தட்டினால் கோழிகள் ஓடி வரும். மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் நாளில் கோழியை அடைத்து வைக்காதீர்கள். முருங்கைக் கீரையும், தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடியும் நல்லதுதான். ஆனால் பச்சை அசோலாவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதை மட்டும் நம்பினால் வயிறு நிறையும், புரதம் சேராது.

முளை இறகுக்குள் ரத்தம் ஓடுவதால் தொட்டால் கோழிக்கு வலிக்கும். அவசியமில்லாமல் பிடிக்காதீர்கள். எங்காவது ரத்தம் கசிந்தால் மற்றவை கொத்தத் தொடங்கும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, காயும் வரை தனியே விடுங்கள். கூடு ஒழுகாமல் இருப்பது மிக முக்கியம்; நனைந்த மொட்டைக் கோழி, தின்ற தீனியைக் குளிர் தாங்கவே செலவழித்துவிடும்.

புது இறகு கழுத்திலும் இறக்கையிலும் நிறைந்ததும் ஒரு வாரத்தில் படிப்படியாகப் பழைய தீவனத்துக்கு மாறலாம். கொண்டை சிவந்தால் முட்டை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: இறக்கை இறகுகளைச் சேர்த்துக் கொட்டி வேகமாக முளைத்து முடிக்கும் கோழி பொதுவாக நல்ல முட்டைக்கோழி. ஐந்தின் காலிலும் வேறு வேறு நிறத்தில் நூல் கட்டி, எது எத்தனை வாரத்தில் முடிக்கிறது என்று குறித்து வையுங்கள். நான்கு மாதமாகியும் தேறாத கோழி இருந்தால் அதை மட்டும் விற்கலாம். இறகு கொட்டுவதோடு தீனி எடுக்காமல் குறுகி நின்றாலோ, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தாலோ, அது இறகு மாற்றம் இல்லை. அன்றைக்கே அந்தக் கோழியைப் பிரித்து வைத்துவிட்டு, கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.