கோபன்ஹேகனிலிருந்து ஹெல்சிங்கி வரை, குழந்தைகளோடு: கேள்வி பதில்

நான் இருப்பது எஸ்போவில், ஹெல்சிங்கியை ஒட்டிய ஊர். கோடை வந்தால் ஊரிலிருந்து வருகிற சொந்தபந்தம், நண்பர்களின் நண்பர்கள் என்று எல்லாருக்கும் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது எப்படியோ என் வேலையாகிவிட்டது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கோவை, இரண்டு பிள்ளைகளின் அப்பா): ஜூன் கடைசியில் 12 நாள் லீவு. கோபன்ஹேகன், ஆஸ்லோ, பெர்கன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி, தாலின். பெரியவளுக்கு 9, சின்னவனுக்கு 4. முடியுமா அக்கா?

முடியும் தம்பி. ஆனால் பிள்ளைகள் பார்க்கப்போவது ஆறு ஊர்களை அல்ல, ஆறு ஊர்களின் ரயில் நிலையங்களை. ஊர் மாறும் நாள் என்றால் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, பயணம் போய், அடுத்த அறைச் சாவிக்கு மூன்று மணி வரை காத்திருக்க வேண்டும். நாலு வயதுக்காரன் அதில் பாதி நேரம் அழுவான். முதலில் பட்டியலில் கத்தி வையுங்கள்.

மேற்கே போகலாம் (கோபன்ஹேகன், ஆஸ்லோ, பெர்கன்), அல்லது கிழக்கே போகலாம் (கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி, தாலின்). இரண்டும் சேர்ந்து வேண்டாம். உங்கள் பிள்ளைகள் வயதுக்கு நான் கிழக்கையே சொல்வேன். கோபன்ஹேகனில் 4 இரவு, அங்கிருந்து ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ரயில், ஸ்டாக்ஹோமில் 3 இரவு, கப்பலில் ஓர் இரவு, ஹெல்சிங்கியில் 3 இரவு. தாலினில் தங்க வேண்டாம். ஹெல்சிங்கியிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம்தான், காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். விமான டிக்கெட்டை கோபன்ஹேகனில் இறங்கி ஹெல்சிங்கியில் ஏறுவதுபோல் எடுங்கள். போன வழியே திரும்பினால் ஒரு நாள் வீண்.

ஜூன் கடைசி என்கிறீர்களே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜூன் 19க்கும் 25க்கும் நடுவில் வரும் வெள்ளிக்கிழமை ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மிட்சம்மர் என்ற கோடைத் திருவிழாவுக்கு முந்தின நாள். ஊரே காலியாகித் தோட்ட வீடுகளுக்குப் போய்விடும். கடை, உணவகம், அருங்காட்சியகம் எனப் பலதும் மூடியிருக்கும். அந்த வார இறுதி உங்களுக்கு கோபன்ஹேகனில் கழிந்தால் நல்லது. ஸ்டாக்ஹோமில்தான் மாட்டும் என்றால் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். அங்கே அன்றைக்குக் கம்பம் நட்டு, அதைச் சுற்றி எல்லாரும் தவளைபோல் குதித்து ஆடுவார்கள், உங்கள் சின்னவனும் கூடச் சேரலாம்.

கேள்வி (சென்னை): விசா எந்த நாட்டுக்குப் போட வேண்டும்? டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து மூன்றுக்கும் தனித்தனியா?

ஒன்றே போதும். எல்லாமே ஷெங்கன் நாடுகள், தாலின் இருக்கும் எஸ்டோனியாவும்தான். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பம். நாள் கணக்கு சமமாக வந்தால் முதலில் இறங்கும் நாடு. மேலே சொன்ன திட்டத்தில் அது டென்மார்க். சமமாக வரும்படி திட்டம் போடாமல் ஓர் இரவாவது கூடுதலாக ஒரு நாட்டில் வையுங்கள், கவுண்டரில் விளக்கம் சொல்லி நிற்க வேண்டியிருக்காது.

2024 ஜூனிலிருந்து கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45, ஆறுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஏப்ரல், மே வரை தள்ளிப் போட்டால் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு வருவதாக இருந்தால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும்.

கேள்வி (திருச்சி): ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கு விமானம் ஒரு மணி நேரம். எதற்குக் கப்பல்? பிள்ளைக்குக் கார் பயணமே ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுப்பாள்.

இந்தப் பயணத்தில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள் என்பேன். மாலை ஐந்து மணியை ஒட்டி ஸ்டாக்ஹோமில் கிளம்பி மறுநாள் காலை பத்து மணியை ஒட்டி ஹெல்சிங்கியில் இறங்கும். விமானத்துக்கு என்று ஊருக்கு வெளியே போய், சோதனை முடித்து, பறந்து, இறங்கி, ஊருக்குள் வருவதற்குள் எப்படியும் அரை நாள் போய்விடும். கப்பலில் ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சம்.

வாந்தி பற்றிய பயம் நியாயம்தான். ஆனால் கிளம்பியதும் நேராகத் திறந்த கடலுக்குள் போவதில்லை. முதல் சில மணி நேரம் ஸ்டாக்ஹோமைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான தீவுகளுக்கு நடுவில் கப்பல் மெதுவாக நெளிந்து போகும். சிவப்பு மரவீடு, அதற்கொரு படகுத்துறை, துறையில் நின்று கை காட்டும் பிள்ளைகள், எல்லாம் கையெட்டும் தூரத்தில். தண்ணீர் தொட்டியில் நிற்பதுபோல் இருக்கும். திறந்த கடல் வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். கோடையில் பால்டிக் பெரும்பாலும் அமைதிதான். அக்டோபருக்குப் பிறகு என்றால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேபின் எடுக்கும்போது சில விஷயம் பாருங்கள். நான்கு படுக்கைக் கேபினில் மேல் படுக்கைகள் சுவரிலிருந்து இறங்கும். சின்னப் பிள்ளையைக் கீழே போடுங்கள், பெரியது மேலே ஏறச் சண்டை போடும், போகட்டும். ஜூனில் ஜன்னல் கேபினுக்குக் கூடுதல் பணம் தராதீர்கள். வெளிச்சம் விடிய விடிய இருக்கும், ஜன்னல் இல்லாத கேபினில்தான் பிள்ளைகள் தூங்குவார்கள். வேடிக்கை பார்க்க மேல்தளம் இருக்கிறது. இடம் குறுகல் என்பதால் இரவுக்கு வேண்டியதைத் தனிப் பையில் வைத்துக்கொண்டு பெரிய பெட்டிகளைத் திறக்காமலே ஓரம் கட்டுங்கள். பஃபே சாப்பாட்டுக்கு முதல் பந்தியைப் பதிவு செய்யுங்கள். வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்துவிடுங்கள், குடித்துக் கொண்டாடவே வரும் கூட்டம் அன்றைக்கு ஜாஸ்தி. நடுராத்திரியில் ஓலாந்து தீவில் கப்பல் ஏன் நிற்கிறது என்று பெரியவள் கேட்டால் சொல்லுங்கள்: அந்தத் தீவு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருக்கிறது, அங்கே தொட்டுவிட்டுப் போனால்தான் கப்பல் கடையில் வரியில்லாமல் விற்க முடியும்.

இன்னொன்று, ஹெல்சிங்கிக் கடிகாரம் ஸ்டாக்ஹோமைவிட ஒரு மணி நேரம் முன்னே. காலைச் சாப்பாடு எந்த ஊர் நேரப்படி என்று ஏறும்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி (பெங்களூரு): கோபன்ஹேகனிலிருந்து லெகோலேண்ட் விளையாட்டுப் பூங்காவுக்கு ஒரே நாளில் போய் வரலாமா?

வேண்டாம். அது இருப்பது டென்மார்க்கின் மேற்குப் பக்கமான ஜட்லாந்தில், பில்லுண்ட் என்ற ஊரில். ரயிலும் பஸ்ஸுமாகப் போக மட்டும் மூன்று மணி நேரம். போனால் ஓர் இரவு அங்கே தங்குங்கள். 1968இல் திறந்த லெகோலேண்ட் ஒரு நாள், 2017இல் திறந்த லெகோ ஹவுஸ் மறுநாள். இரண்டாவது கூரைக்குக் கீழே என்பதால் மழை நாளுக்கு அதுதான். 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த இரவு தகும். லெகோலேண்ட் குளிர்காலத்தில் பல நாள் மூடியிருக்கும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு நேரம் இல்லையென்றால் கவலை வேண்டாம். கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே டிவோலி பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது, 1843லிருந்து. நுழைவுச் சீட்டு வேறு, ராட்டினங்களுக்கான சீட்டு வேறு, இரண்டையும் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் மெட்ரோ. அதற்கு ஓட்டுநர் கிடையாது, முதல் இருக்கையில் உட்கார்ந்தால் சுரங்கம் முன்னால் விரியும். பிள்ளைகள் இறங்க மாட்டோம் என்பார்கள். அந்த ஊரில் ஒரு பெரியவர் டிக்கெட்டில் 12 வயதுக்குக் கீழ் இரண்டு பேர் இலவசம் என்பதால் ஒரு மணி நேரம் சுற்றினாலும் நஷ்டமில்லை.

கடற்கன்னிச் சிலைக்கு என்று அரை நாள் ஒதுக்காதீர்கள். ரொம்பச் சின்னது, பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள்.

கேள்வி (மதுரை, அம்மா): நாங்கள் சைவம், முட்டையும் இல்லை. மகன் தயிர்ச்சாதம் தவிர எதையும் தொடமாட்டான்.

அப்படியானால் உங்களுக்குக் கவலையே வேண்டாம், தயிர்ச்சாதத்துக்கு இந்தப் பக்கத்து நாடுகள் நல்லவை. எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் பாஸ்மதி இருக்கும், தயிர் விதவிதமாக இருக்கும். சர்க்கரையோ வாசனையோ சேர்க்காததாகப் பார்த்து எடுங்கள். விடுதி அறையைவிடச் சமையலறையோடு கூடிய அபார்ட்மெண்ட் பாருங்கள். ஊரிலிருந்து ஊறுகாயும் பெருங்காயமும் போதும், பெட்டி நிறைய அரிசி கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

வெளியே சாப்பிட: ஃபலாஃபல் எங்கும் கிடைக்கும். கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் பாலத்தைத் தாண்டி ஸ்வீடனுக்குள் நுழைந்ததும் வரும் மால்மோ அதற்குப் பேர்போன ஊர். பின்லாந்தில் கரேலியப் பை என்று ஒன்று, கம்புபோல் கருத்த ரை மாவுத் தட்டில் அரிசிக் கஞ்சியை வைத்துச் சுட்டிருப்பார்கள். மேலே தடவ முட்டை வெண்ணெய் தருவார்கள், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரே எச்சரிக்கை மிட்டாய். ஸ்வீடனில் கடைக்குக் கடை பெட்டி பெட்டியாக அடுக்கி, அள்ளி எடை போட்டு வாங்கும் மிட்டாய்ச் சுவர் இருக்கும். பிள்ளை அங்கேதான் போய் நிற்பான். அந்த ஜவ்வு மிட்டாய்களில் பலவற்றில் ஜெலட்டின் உண்டு, பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. முழுத் தாவர வகை என்று எழுதியிருக்கும் பெட்டிகளைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): எழுபது வயது மாமியார், ஸ்ட்ரோலரில் ஒரு வயதுக் குழந்தை. சமாளிக்க முடியுமா?

நம் பக்கத்து ஊர்களைவிட இங்கே எளிது. மெட்ரோவில் லிஃப்ட், டிராமில் தாழ்தளம். ஹெல்சிங்கியில் பேருந்து, டிராமில் ஸ்ட்ரோலரில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஏறும் பெரியவருக்கு டிக்கெட்டே கிடையாது. சிரமம் பழைய ஊர்களில்தான். தாலின் கோட்டை ஊரும் ஸ்டாக்ஹோமின் கம்லா ஸ்தானும் முழுக்க உருண்டைக் கல் பதித்த தெரு, அன்றைக்கு ஸ்ட்ரோலருக்குப் பதில், குழந்தையை உடம்போடு கட்டித் தூக்கும் பை எடுத்துக்கொள்ளுங்கள். தாலினில் மாமியாரை மேடேற்ற வேண்டாம். லென்னுசடாம் என்ற கப்பல் அருங்காட்சியகம் சமதளம். 1936இல் கட்டிய நீர்மூழ்கிக் கப்பலுக்குள் பிள்ளைகள் இறங்கிப் பார்க்கலாம், அவர் வெளியே காபியோடு உட்காரலாம்.

கேள்வி (ஈரோடு): ஸ்டாக்ஹோமின் வாசா கப்பல் அருங்காட்சியகம், 5 வயதுப் பையன் சலித்துப்போக மாட்டானா?

கப்பலைப் பார்த்த பத்து நிமிடம் வாய் பிளப்பான், அப்புறம் கதை சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. ராஜா பெருமையாகக் கட்டிய போர்க்கப்பல், 1628இல் முதல் பயணத்தில் சுமார் 1,300 மீட்டர் போனதும் காற்றில் சாய்ந்து மூழ்கியது. மேல்பாரம் அதிகம். 333 வருடம் கழித்து, 1961இல் தூக்கினார்கள். இந்தக் கதைக்குச் சிரிக்காத பிள்ளை இல்லை. 18 வயது வரை இலவசம். உள்ளே மரம் கெடாமலிருக்க இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் வைத்திருப்பார்கள், ஸ்வெட்டர் எடுங்கள். கதவு திறக்கும்போதே போய்விட்டு, மீதி நாளைப் பக்கத்து யூனிபாக்கனில் விட்டுவிடுங்கள், குழந்தைக் கதைகளுக்குள்ளேயே ஓடும் ரயில் இருக்கிறது. இன்னொரு நாள் ஸ்கான்சென், கரடியும் மூஸ் மானும் உண்டு. இதெல்லாம் ஒரே தீவில். ஸ்லுசன் படகுத்துறையிலிருந்து படகில் போங்கள், நகரப் பேருந்து டிக்கெட்டே செல்லும்.

கேள்வி (சேலம்): செலவைக் குறைக்க வழி?

குடிநீர் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீர்தான் எல்லாரும் குடிப்பது. காலைச் சாப்பாடு சேர்ந்த விடுதி எடுங்கள். வெளியே சாப்பிடுவதை மதியத்துக்கு மாற்றுங்கள், வார நாட்களில் 11 முதல் 2 மணி வரை சாலட், ரொட்டி, காபி சேர்த்து ஒரே விலை, ராத்திரி அதே கடையில் இரண்டு மடங்கு. ரயில் அதிகம் என்றால் பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு பெரியவரோடு 12 வயதுக்குள் இரண்டு பிள்ளைகள் இலவசம். ஆனால் ஸ்வீடனின் வேக ரயிலில் இருக்கைப் பதிவு தனி. பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே சீட்டாகத் தரும் சிட்டி கார்டை பிள்ளைகளுக்கு யோசிக்காமல் வாங்காதீர்கள், பாதி இடம் அவர்களுக்கு ஏற்கெனவே இலவசம். ரொக்கம் மாற்றவே வேண்டாம், மூன்று வகைப் பணம் வைத்துக்கொண்டு திண்டாடுவீர்கள். கார்டு போதும்.

ஹெல்சிங்கி பணமே கேட்காத ஊர். ஊதி என்ற நூலகத்தின் மேல்மாடியில் பிள்ளைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு, லின்னன்மாக்கிப் பூங்காவுக்குள் நுழைய காசில்லை, ராட்டினத்துக்கு மட்டும்தான். சுவோமன்லின்னா கோட்டைத் தீவுக்கும் நகர டிக்கெட்டில் படகு.

கேள்வி (லண்டன்): டிசம்பரில் வந்தால்? கிறிஸ்துமஸ் தாத்தா, இரவு வானில் தெரியும் வடக்கு ஒளி?

தாத்தா நிச்சயம், ஒளி நிச்சயமில்லை. மேகம் மூடினால் எதுவும் தெரியாது, பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். டிசம்பரில் ஹெல்சிங்கிக்கே ஆறு மணி நேரத்தை ஒட்டிய பகல்தான். அதனால் ஊர்களை இரண்டாகக் குறையுங்கள்: ஹெல்சிங்கி, வடக்கே தாத்தாவின் கிராமம் இருக்கும் ரொவானியெமி. நடுவில் இரவு ரயில், ஏறக்குறைய 12 மணி நேரம். இரண்டு படுக்கைக் கேபின் என்பதால் நால்வர் குடும்பத்துக்கு இரண்டு எடுக்க வேண்டும். தாத்தாவின் கிராமத்துக்குள் நுழையக் கட்டணமில்லை, அவரோடு எடுக்கும் படத்துக்குத்தான் வாங்குவார்கள். பனி உடையை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஐந்து விரல் கையுறை வேண்டாம், விரல்கள் சேர்ந்திருக்கும் பை மாதிரியானதுதான் சூடு தரும். ஒரு ஜோடி கூடுதலாக வையுங்கள், ஒன்று எப்படியும் தொலையும்.

கேள்வி (புதுச்சேரி): ராத்திரி பத்து மணிக்கும் வெயிலாமே, பிள்ளைகளை எப்படித் தூங்க வைப்பது?

ஜூனில் ஸ்டாக்ஹோமில் பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், மூன்றரைக்கெல்லாம் எழும். விடுதிகளில் தடித்த திரை இருக்கும், ஆனால் நடுவில் ஒரு இடுக்கு விடும். துணி உலர்த்தும் கிளிப் நாலு எடுத்து வாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கார் வாடகைக்கு எடுத்தால் வசதியா?

இந்தத் திட்டத்துக்கு வேண்டாம். நகரத்துக்குள் பார்க்கிங் கட்டணமே அழவைக்கும். பெர்கனுக்குப் போகிற மேற்குத் திட்டத்தில்கூட ரயில்தான் நல்லது: ஆஸ்லோவிலிருந்து ஏழு மணி நேரத்துக்குள், ஃபின்சே நிலையத்தில் 1,222 மீட்டர் உயரத்தில் ஜூனிலும் பனி பார்க்கலாம், குடும்பப் பெட்டியில் விளையாட ஓர் அறையும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போது அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள்.