குழந்தைகளோடு சேர்ந்து பண்டிகைக்கு வேடிக்கையாக என்ன பலகாரம் செய்யலாம்?

எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், பண்டிகைப் பலகாரம் செய்யும்போது அவர்களையும் கூட வைத்துக்கொள்ள ஆசை, ஆனால் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் விடப் பயம் என்று கேட்டிருக்கிறீர்கள். கொழுக்கட்டை செய்யுங்கள். எண்ணெய்ச் சட்டியே வேண்டாம், எல்லாம் ஆவியில்தான். மாவு கைக்கு இதமாக இருக்கும், களிமண் மாதிரி எந்த உருவத்துக்கும் வளைந்து கொடுக்கும். எங்கள் வீட்டில் ஆறு வருடமாக விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிப்பது பிள்ளைகள்தான். மகளுக்கு இப்போது பத்து வயது, மகனுக்கு ஆறு. அடுப்பு மட்டும் என் பொறுப்பு.

எனக்கு இந்த ஆசை வந்தது ஆச்சியிடமிருந்து. எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அங்கே ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை இரவு ஆண்கள் எல்லாரும் உறங்கிய பிறகு பெண்கள் மட்டும் ஒரு வீட்டில் கூடி, உப்பில்லாத பச்சரிசி மாவில் விதவிதமான உருவங்களில் கொழுக்கட்டை பிடித்து அவிப்பார்கள். 'அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி' என்று அதற்கான மாதங்களைச் சொல்வார்கள். ஆச்சி விரல்களுக்கு நடுவில் மாவு உருமாறுவதைத் தூக்கக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் கொழுக்கட்டையை ஆண் பிள்ளைகள் கண்ணால் பார்க்கவும் கூடாது, தின்னவும் கூடாது. எனக்கோ ஒரு மகனும் இருக்கிறான். அதனால் அந்த இரவின் விளையாட்டை எடுத்து ஆவணிச் சதுர்த்தியின் பகலில் வைத்துக்கொண்டேன். பிள்ளையாருக்கு யார் பிடித்துக் கொடுத்தாலும் சம்மதம்தானே.

செய்முறைக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. முதல் வருடம் மகளுக்கு நாலு வயது. ஒரு யானை செய்தாள். உடம்பு பெரிய உருண்டை, தும்பிக்கை குட்டையாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் தும்பிக்கையை நீட்டி, காதுகளைச் சமமாக்கி, கால்களை நிமிர்த்தி வைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். திரும்பி வந்தவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது உன் யானை. என் யானை எங்க?" என்று கேட்டாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள், அன்றைக்கு மாவைத் தொடவே இல்லை. அதிலிருந்து அவர்கள் பிடித்ததில் நான் விரல் வைப்பதில்லை. வெடிக்கப்போகிறது என்று தெரிந்தால், "இந்த இடத்துல ஈரக் கையால தடவு" என்று வாயால் மட்டும் சொல்வேன்.

சரி, மாவுக்கு வருகிறேன். பிள்ளைகள் செய்யும் கொழுக்கட்டை வெடித்தால் அவர்களுக்கு மனசு விட்டுப்போகும், அதனால் மாவு சரியாக வருவது நமக்குச் செய்வதைவிட இங்கே முக்கியம். 1 கப் கொழுக்கட்டை மாவுக்கு 1¼ கப் தண்ணீர் வைத்துத் தொடங்குங்கள். மாவு பழசாகவோ மிகவும் காய்ந்தோ இருந்தால் 1½ கப் வரை இழுக்கும். தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் 1 டீஸ்பூன் நல்லெண்ணெயும் விட்டு, தளதளவென்று கொதிக்க வேண்டும். லேசாகக் குமிழி வந்ததும் அவசரப்பட்டு மாவைப் போட்டுவிடக் கூடாது. கோதுமை மாவில் இழுத்துப் பிடிக்கும் புரதம் இருக்கிறது, அரிசியில் அது கிடையாது. கொதிநீரில் அரிசியின் மாவுச்சத்து வெந்து பசையாவதுதான் மொத்த உருவத்தையும் பிடித்து வைக்கிறது. தண்ணீர் சூடு போதவில்லை என்றால் பிள்ளைகள் பிடிக்கும் எலிக்குக் காது ஒட்டவே ஒட்டாது. அடுப்பை அணைத்து, மாவைக் கொட்டி, கரண்டிக் காம்பால் கிளறி, 10 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு கையில் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு சூடு ஆறுவதற்குள் நன்றாகப் பிசைய வேண்டும். இதைப் பெரியவர்கள் செய்யட்டும், மாவு உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்.

பிள்ளைகள் நிதானமாகத்தான் செய்வார்கள். நாம் பத்து பிடிக்கும் நேரத்தில் அவர்கள் ஒன்றுக்கு மூக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் மாவு காய்ந்துவிடும். அதனால் மாவை ஈரத்துணி போட்டு மூடி வைத்து, ஒரு தடவைக்கு ஒரு எலுமிச்சை அளவு மட்டும் கையில் கொடுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் எண்ணெய். 1 கப் மாவில் பெரியவர்கள் பிடித்தால் 12 முதல் 15 வரை வரும், பிள்ளைகள் பிடித்தால் எட்டோ ஒன்பதோதான். இரண்டு பிள்ளைகள் என்றால் 2 கப் வைத்துக்கொள்ளுங்கள்.

பூரணத்தை முந்தின நாள் இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். துருவிய தேங்காய் 1 கப், வெல்லம் ¾ கப். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, தேங்காய் போட்டுச் சுருளக் கிளறி, ஏலக்காய் தூவி இறக்க வேண்டியதுதான். காலையில் அதைச் சின்ன நெல்லிக்காய் அளவில் உருட்டித் தட்டில் அடுக்கிவிடுங்கள். பூரணம் உதிரியாக இருந்தால் சின்னக் கைகளுக்கு அடக்கி மூட வராது. உருண்டையாக இருந்தால் கிண்ணம் மாதிரி செய்த மாவுக்குள் போட்டு ஐந்து வயதுப் பிள்ளையும் மூடிவிடும்.

நிறம்தான் எங்கள் வீட்டில் பெரிய கொண்டாட்டம். கடைச் சாயம் வாங்குவதில்லை. கேரட் சாறு, மஞ்சள்தூள், பசலைக்கீரைச் சாறு, பீட்ரூட் சாறு என்று எதை வேண்டுமானாலும் மாவுக்கு விடும் தண்ணீரில் கலக்கலாம். மஞ்சளும் கேரட்டும் ஆவியில் அப்படியே நிற்கும். பீட்ரூட் வெந்தபின் கொஞ்சம் மங்கும், கீரை கரும்பச்சையாகும். அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், மூடியைத் திறக்கும்போது ஏமாற மாட்டார்கள். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது நீலச் சங்குப்பூ. கொல்லையில் கொடி இருந்தால் 10, 12 பூவைப் பறித்து, காம்பை நீக்கி, ஒரு கப் கொதிநீரில் போட்டு வையுங்கள். மை மாதிரி நீலம் இறங்கும். அதில் பாதியைத் தனியாக எடுத்து, பிள்ளை கையாலேயே எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடச் சொல்லுங்கள். கண் முன்னாலேயே நீலம் ஊதாவாக மாறும், இன்னும் விட்டால் இளஞ்சிவப்பாகும். பூவில் இருக்கும் நிறமி புளிப்பு பட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான். ஆனால் என் மகன் அன்றைக்குக் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். அவர் வீட்டுப் பையனும் வந்து உட்கார்ந்தான். இப்போது ஒவ்வொரு வருடமும் அவனுக்கும் ஒரு தட்டு.

உருவங்களில் முதலில் நத்தை சொல்லிக்கொடுங்கள். மாவைக் கயிறு மாதிரி உருட்டி, சுருட்டி, தலையை மட்டும் வெளியே விட்டால் முடிந்தது. முதல் முயற்சியிலேயே வெற்றி கிடைத்தால் பிள்ளை எழுந்து போகாது. அடுத்து மூஞ்சூறு, பிள்ளையாரின் வாகனம் இல்லாமல் சதுர்த்தியா? பூரணம் வைத்து நீள உருண்டையாக மூடி, ஒரு முனையை மெல்லக் கிள்ளினால் மூக்கு. இரண்டு சின்ன வட்டத்தை ஈரம் தொட்டு ஒட்டினால் காது. வாலை நீட்டி விட்டால் தட்டிலிருந்து எடுக்கும்போது முறியும், அதனால் முதுகின் மேலேயே வளைத்து ஒட்டச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கருப்பு எள். சிலர் மிளகோ கிராம்போ வைப்பார்கள், சின்னப் பிள்ளை கடித்தால் காரத்தில் அழும், தொண்டையிலும் மாட்டலாம், வேண்டாம். மீன் செய்தால் முள்கரண்டியால் செதில் போடலாம். முழுக்க மாவாகக் கனமாகச் செய்தால் நடுவில் வேகாது. இரண்டு விரல் தடிமனுக்கு மேல் போகவேண்டாம்.

இதெல்லாம் வராது என்று முகம் சுளிக்கும் பிள்ளைக்குப் பிடி கொழுக்கட்டை இருக்கவே இருக்கிறது. இதற்கு மாவு வேறு: அரிசியை உடைத்த ரவையோடு வெல்லத் தண்ணீர், தேங்காய் சேர்த்துக் கிளறியது. உள்ளங்கையில் வைத்து ஒரு பிடி பிடித்தால் ஐந்து விரலும் அதில் பதிந்துவிடும். எங்கள் தட்டில் என் பிடி, மகள் பிடி, மகன் பிடி என்று மூன்று அளவில் வரிசையாக இருக்கும். யாருடையது எது என்று சொல்லவே வேண்டாம். போன வருடம் அம்மா வந்திருந்தபோது அவர்களும் ஒன்று பிடித்து வைத்தார்கள், நாலு கை ஆனது. மூட்டுவலியில் அம்மாவால் விரல்களை இறுக்க முடியவில்லை, அவர்கள் பிடியில் மட்டும் விரல் தடம் லேசாகத்தான் விழுந்திருந்தது. அந்தத் தட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இட்லிப் பானையில் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே தட்டை வையுங்கள். தட்டில் எண்ணெய் தடவலாம், ஈரத்துணி விரிக்கலாம், வாழையிலைத் துண்டு போட்டால் வாசனையும் சேரும். பூரணம் வைத்தது 8 முதல் 10 நிமிடம், பிடி கொழுக்கட்டை 12 முதல் 15 நிமிடம். மேலே பளபளப்பு வந்து, ஈர விரலால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது. மூடியைத் திறப்பது எப்போதும் நீங்கள்தான், அதுவும் உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து. ஆவி பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும். பிள்ளைகளை நாலடி தள்ளி நிற்க வைத்துவிட்டு, ஆவி அடங்கியதும் கூப்பிடுங்கள். அந்த ஒரு நொடிக்குத்தான் அவர்கள் காலையிலிருந்து காத்திருக்கிறார்கள்.

பூசைக்கு முன்னால் தின்னக் கேட்பார்களே என்ற கவலை எனக்கும் இருந்தது. "பிள்ளையாருக்கு எதைக் கொடுக்கலாம், நீயே எடுத்து வை" என்று சொன்னேன், அதன் பிறகு யாரும் தட்டில் கை வைக்கவில்லை. மகன் தன்னுடைய மூஞ்சூறை எடுத்துக் களிமண் பிள்ளையாரின் காலடியில், அவரைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தான். ஒரு காது கழன்றிருந்தது. அதை எடுத்துப் பக்கத்திலேயே வைத்தான், அவர் ஒட்டிக்கொள்வாராம்.

சதுர்த்தி தாண்டிவிட்டால் திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை செய்து பாருங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் கார்த்திகை என்றாலே இதுதான். பச்சரிசி மாவு, தேங்காய்த் துருவல், வறுத்த பாசிப்பருப்பு, சுக்கு, ஏலக்காய், கருப்பட்டிப் பாகு எல்லாம் சேர்த்துப் பிசைய வேண்டும். கருப்பட்டியைக் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், மண் இருக்கும். பனங்குருத்தோலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, ஓர ஈர்க்கை நீக்கித் துடைத்துக் கொடுத்தால், மாவை உள்ளே அழுத்தி மூடி ஓலை நாரால் கட்டுவதைப் பிள்ளைகள் செய்வார்கள். முடிச்சு போடுவதில் மகளுக்கு அவ்வளவு ஆசை. 20 நிமிடம் அவித்தால் வீடு முழுக்கப் பனை வாசனை. ஓலையைப் பிரித்தால் அதன் வரிகள் கொழுக்கட்டை மேல் பதிந்திருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குக் குருத்தோலை கிடைப்பது சிரமம், நான் ஊரிலிருந்து வருகிற பேருந்தில் கொடுத்துவிடச் சொல்வேன்.

சதுர்த்தியன்று மிஞ்சும் மாவைத் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து கோலிக்குண்டு அளவில் உருட்டச் சொல்லுங்கள். அவித்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டினால் அம்மணிக் கொழுக்கட்டை, சாயங்காலத்துக்கு ஆயிற்று. தேங்காய்ப் பூரணம் வைத்ததை வெளியில் இரவு முழுக்க வைக்க வேண்டாம், ஊசிப்போகும். ஃபிரிட்ஜில் வைத்தால் மேல்மாவு கல்லாகிவிடும். காலையில் 3 நிமிடம் ஆவியில் காட்டினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் எப்படியும் ஒரு நத்தை இருக்கும். அதை எப்போது தின்பது என்று செய்தவர்தான் முடிவு செய்வார்.