எந்த ரயில் என்ஜின் மாடலாக வரும், எது வராது?

கேள்வி: பெங்களூரு கிருஷ்ணராஜபுரத்தில் இருக்கிறேன். வீட்டில் எச்.ஓ. அளவில் (நிஜத்தின் 87-இல் ஒரு பங்கு) சிறிய மாடல் ரயில் லேஅவுட் ஒன்று உண்டு. கடையில் கேட்டால் ஜெர்மன், அமெரிக்க என்ஜின்களைத்தான் எடுத்து வைக்கிறார்கள். எனக்கு வேண்டியது எங்கள் ஊர் டீசல் ஷெட்டின் டபிள்யூ.டி.பி-4 பயணிகள் ரயில் என்ஜின். எதைத் தயாரிப்பது என்று கம்பெனிகள் எப்படி முடிவு செய்கின்றன? நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து கேட்டால் செய்து தருவார்களா?

பதில்: பதினைந்து பேருக்காகச் செய்ய மாட்டார்கள். ஆனால் சரியான என்ஜினைத் தேர்ந்தெடுத்து, தயாரிப்பாளர் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை நீங்களே முடித்துக் கொடுத்தால் பேச்சாவது தொடங்கும்.

எல்லாம் மோல்டு, அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் வார்ப்படத்தின் செலவில்தான் நிற்கிறது. ஒரு புதிய டீசல் என்ஜினின் உடல், சேசிஸ் (அடிச்சட்டம்), போகி (சக்கரத் தொகுதி) ஆகியவற்றுக்கு எஃகு மோல்டுகள் வெட்ட லட்சம் டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். கணக்குக்காக ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 என்ஜின் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 20,000 ரூபாய் ஏறும். 5,000 விற்றால் 2,000தான். மோட்டார், சர்க்யூட் போர்டு, பெயின்ட், கைப்பிடிக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டும் கூலி எல்லாம் இதற்கு மேல். ஆகவே ஒரே மோல்டிலிருந்து எத்தனை வண்ணத்தில், எத்தனை காலகட்டத்துக்கு, எத்தனை ஊருக்கு விற்கலாம் என்பதையே தயாரிப்பாளர் முதலில் பார்ப்பார்.

இந்தக் கணக்கில் டபிள்யூ.டி.பி-4 மோசமில்லை. சரக்கு இழுக்கும் டபிள்யூ.டி.ஜி-4-உம் அதுவும் ஒரே ஜி.டி.46 குடும்பம், உடல் மோல்டைப் பெரும்பாலும் பகிர்ந்துகொள்ளலாம். இரண்டு பக்கமும் கேபின் உள்ள டபிள்யூ.டி.பி-4டி என்றால் உடலுக்கு வேறு மோல்டு வேண்டும். இருந்தாலும் என் பரிந்துரை பழைய ஆல்கோ (அமெரிக்க நிறுவனத்தின் வடிவமைப்பு), அதாவது டபிள்யூ.டி.எம்-2. 1962-இல் வந்து இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட என்ஜின் அது. பொன்மலை, ஈரோடு, கே.ஆர். புரம் என்று ஷெட்டுக்கு ஷெட் வண்ணம் மாறும். மோல்டில் மாற்றிப் பொருத்தும் துண்டுகளை முதலிலேயே திட்டமிட்டால் டபிள்யூ.டி.எம்-3ஏ கிடைக்கும், முன் ஹூட் (மூக்குப் பகுதி) தாழ்ந்து கண்ணாடி பெரிதான ‘ஜம்போ’வும் கிடைக்கும். இலங்கையின் எம்8 வகையும் இதே என்ஜின் என்பதால் கடல் கடந்தும் வாங்க ஆள் உண்டு. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இதன் ட்ரைமவுன்ட் போகியில் மூன்று அச்சுகளுக்கும் இடைவெளி சமமாக இருக்காது. செலவைக் குறைக்க, கையிலிருக்கும் சம இடைவெளி போகியைப் பொருத்தலாம் என்று தயாரிப்பாளர் சொல்லக்கூடும். பக்கவாட்டில் பார்த்த மாத்திரத்தில் ரயில் தெரிந்தவர் அதை வேண்டாம் என்று வைத்துவிடுவார்.

அடுத்தது கேஜ், அதாவது தண்டவாள இடைவெளிச் சிக்கல். எச்.ஓ. என்பது 1:87, அதன் 16.5 மி.மீ. தண்டவாளம் 1,435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜுக்குப் பொருந்தும். நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ., அதே அளவில் சுமார் 19.3 மி.மீ. வர வேண்டும். அப்படிச் செய்தால் கடையில் விற்கும் எந்தத் தண்டவாளத்திலும் ஓடாது. எனவே 16.5-ஐ ஏற்றுக்கொள்ளுங்கள். சக்கரம் பக்கத்துக்கு 1.4 மி.மீ. உள்வாங்கி நிற்கும். அதை மறைக்க போகிச் சட்டத்தையும் உள்ளே தள்ளினால் முகம் ஒடுங்கிப்போகும். சட்டம் சரியான அகலத்திலேயே இருக்கட்டும்.

அயர்லாந்துக்கும் இதே சிக்கல். அங்கே 1,600 மி.மீ. கேஜ், சின்னச் சந்தை. அப்படியிருந்தும் மர்ஃபி மாடல்ஸ் 141, 181, 201, 071 வகை டீசல்களை 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும்படி ஓஓ (1:76) அளவில் கொண்டுவந்தது. பின்னால் வந்த ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் ஜல்லி வேகனில் தொடங்கி, பிறகே ஏ கிளாஸ் என்ஜினுக்குப் போனது. இந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. என்ஜினை ஒருவர் ஒன்றுதான் வாங்குவார், வேகனை ஆறு எட்டு என்று வாங்குவார். மோட்டாரும் டிகோடரும் (கட்டளையைப் பெறும் சிறு சர்க்யூட்) இல்லாததால் வேகனுக்கு முதலும் குறைவு. உங்கள் குழுவும் பாக்ஸ்-என் என்னும் திறந்த சரக்கு வேகனில் தொடங்கலாம். நிஜச் சக்கரம் 1,000 மி.மீ. விட்டம், எச்.ஓ.வில் 11.5, ரெடிமேடாக வரும் 11 மி.மீ. சக்கரமே போதும். உடல் மோல்டை உங்கள் ஊர்ப் பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளில் விசாரியுங்கள்.

கடைக்காரரின் பார்வை வேறு. அவருக்குப் பயம், பணம் அலமாரியில் முடங்குவதுதான். வெளிநாட்டில் ரெயில்ஸ் ஆஃப் ஷெஃபீல்டு, கெர்னோ போன்ற பெரிய கடைகள் தாங்களே மாடலைச் செய்யச் சொல்லியோ, ஒரு வண்ணத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டோ தனிப்பதிப்பாக விற்கும். இரண்டு பேர் ஒரே என்ஜினில் இறங்கினால் இருவருக்கும் அடி. டெரியர் என்ற பிரிட்டிஷ் நீராவி என்ஜினை ரெயில்ஸ் கடை டேப்போல் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து அறிவித்த கொஞ்ச காலத்தில் போட்டித் தயாரிப்பாளரான ஹார்ன்பியும் அறிவித்தது. அதனால்தான் திட்டங்களை வெளியே விடமாட்டார்கள். நம் ஊர்க் கடைக்காரருக்குச் சுங்கவரியும் சேர்கிறது. பொம்மைகள், அளவு மாடல்கள் வரும் பிரிவில் வரி 2020-இல் 20-இலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. விற்கும் என்று உறுதியாகத் தெரிந்ததைத்தான் அவர் வரவழைப்பார்.

தயாரிப்பாளரிடம் போகும்போது வகைப் பட்டியல், ஒவ்வொரு வண்ணத்துக்கும் தெளிவான படங்கள், அளவுகள், முன்பணம் கட்டியவர்களின் எண்ணிக்கை எல்லாம் கையில் இருக்க வேண்டும். ‘எனக்கும் ஒன்று’ என்று சொன்னவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணம் கட்டும் நாளில் பாதிப்பேர் இருக்கமாட்டார்கள். கூரைப் படங்கள் மிக முக்கியம். மாடலை நாம் மேலிருந்துதான் பார்க்கிறோம், ஆனால் ரயில் படங்கள் பெரும்பாலும் பிளாட்பாரத்திலிருந்து எடுத்தவை. நடைமேம்பாலத்திலிருந்து ரேடியேட்டர் விசிறி, புகைபோக்கி, ஹாரன் இருக்குமிடம் தெரியும்படி எடுங்கள். ஷெட்டுக்குள் அளவெடுக்க ரயில்வேயின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். முன்பணத்தைக் குழுவில் இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கும் கணக்கில் வைத்து, வரைபடம், முதல் மாதிரி, வண்ண மாதிரி என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் விடுவியுங்கள்.

பெயின்ட் பூசாத முதல் மாதிரி வந்ததும் 438 மி.மீ. வளைவில், இரண்டு திசையிலும், பின்னால் எட்டுப் பெட்டி மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஆறு அச்சு என்ஜினில் போகி திரும்பும்போது படிக்கட்டிலோ எரிபொருள் டாங்கிலோ இடிப்பது வழக்கம். மோல்டில் உலோகத்தைச் செதுக்கி எடுப்பது எளிது, சேர்ப்பது கடினம். மோல்டில் எடுத்த இடம் மாடலில் பிளாஸ்டிக்காக நிறையும். எனவே பிளாஸ்டிக்கைக் கூட்டச் சொல்வது எளிது, இடிக்கும் இடத்தில் குறைக்கச் சொன்னால் செலவு ஏறும். இடைவெளியை வரைபடத்திலேயே தாராளமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.