மூன்றாம் மாதம் போய்ப் பாருங்கள்: சமுதாய நலப் பணியாளர்களின் தொடர் பயிற்சி குறித்த கேள்வி பதில்

சமுதாய நலப் பணியாளர்களுக்கும் களச் செவிலியர்களுக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயிற்சி அளித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். ஊதியம், பதவி உயர்வு, இடமாற்றம் ஆகியவை என் துறையல்ல.

கேள்வி (களப் பணியாளர்): பத்து ஆண்டுகளாக வயிற்றுப்போக்கு, இருமல், காய்ச்சல் ஆகிய மூன்றையும் தினமும் பார்த்து வருகிறேன். எனக்கு மறுபடியும் பயிற்சி எதற்கு?

பதில்: நீங்கள் கற்றது மாறியிருக்கிறது என்பது முதற் காரணம். ஓஆர்எஸ் கரைசலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கு 90 மில்லிமோல் சோடியம் கொண்டிருந்த பழைய கலவைக்குப் பதிலாக, 75 மில்லிமோல் கொண்ட நீர்த்த கலவையை உலக சுகாதார நிறுவனம் 2002-இல் பரிந்துரைத்தது. 2004-இல் அதனுடன் துத்தநாக மாத்திரையும் சேர்ந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம் என்பது அப்போது சொன்ன அளவு. 10 முதல் 14 நாட்கள் கொடுக்க வேண்டிய அந்த மாத்திரையை, போக்கு நின்றதும் நிறுத்திவிடலாம் என்று தாய்மாரிடம் சொல்லும் அனுபவசாலிகளை நான் நிறையவே சந்தித்திருக்கிறேன்.

இரண்டாவது காரணத்தைச் சொன்னால் உங்களுக்குக் கசக்கலாம். அனுபவம் கூடக் கூட வேலை சுருங்குகிறது. இருமலோடு வரும் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இப்போது அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் நிறையும் வரை நிமிடத்துக்கு 50 மூச்சும், அதன் பின் ஐந்து வயது வரை 40 மூச்சும் வேகமான மூச்சுக்கான எல்லை. எட்டு மாதக் குழந்தைக்கு அரை நிமிடத்தில் 24 என்று எண்ணினால் 48, அதாவது நிமோனியா இல்லை. ஒரே ஒரு மூச்சைக் கூடுதலாகக் கண்டிருந்தால் 50, மருந்து தேவை. குழந்தையின் மூச்சு சீரான கடிகாரமன்று. சில நொடிகள் விரைந்து, சில நொடிகள் தயங்கும். பெருக்கும்போது பிழையும் சேர்ந்தே பெருகுகிறது. அழுகிற குழந்தையையோ பால் குடிக்கிற குழந்தையையோ எண்ணினால் முழு நிமிடமும் வீண்.

இவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல என்பதை அறிவேன். தெரிந்திருந்தும் கை செய்யவில்லை என்பதனால்தான் தொடர் பயிற்சி தேவைப்படுகிறது.

கேள்வி (பயிற்சி ஒருங்கிணைப்பாளர்): ஒரு பயிற்சிக்கு எத்தனை நாட்கள் போதும்?

பதில்: குழந்தை நோய்களின் ஒருங்கிணைந்த பராமரிப்புக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990-களில் வகுத்த பாடத்திட்டம் 11 நாட்கள் கொண்டது. நாட்கணக்கைவிட, அதில் கணிசமான பகுதி வகுப்பறைக்கு வெளியே உண்மையான நோயாளிக் குழந்தைகளிடம் கழிந்தது என்பதும், பயிற்சி முடிந்த நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் பணியிடத்துக்கே சென்று பார்க்கும் வருகை அதன் பகுதியாக இருந்தது என்பதும் முக்கியம். பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது இந்த வருகைதான். உங்களிடம் ஆறு நாட்களுக்குத்தான் நிதி இருக்கிறது என்றால், நான்கு நாட்கள் வகுப்பு நடத்திவிட்டு மீதி இரண்டு நாட்களின் செலவைப் பின்தொடர் வருகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

கேள்வி: இந்தப் பயிற்சிகளுக்குக் கிடைக்கும் சான்றிதழ் எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும்?

பதில்: அது உங்களைப் பதிவு செய்த மன்றத்தின் விதியைப் பொறுத்தது, அங்கே கேளுங்கள். நீங்கள் வந்திருந்தீர்கள் என்பதைச் சான்றிதழ் சொல்லும், உங்களால் செய்ய முடியும் என்பதைச் சொல்லாது.

கேள்வி (பயிற்சி நிறுவனம் ஒன்றின் அலுவலர்): எங்கள் பயிற்சியின் தொடக்கத் தேர்வில் பாதி மதிப்பெண் பெறுபவர்கள் கடைசி நாள் தேர்வில் ஏறக்குறைய முழு மதிப்பெண் பெறுகிறார்கள். பயிற்சி வெற்றி என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பதில்: கடைசி நாள் தேர்வு, கடைசி நாள் நினைவை மட்டுமே அளக்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கே ஆகிய இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. எந்த முறை சிறந்தது என்பதற்கான விடையே தேர்வு நாளைப் பொறுத்து மாறிவிட்டது. உங்கள் கடைசி நாள் தேர்வு அந்த ஐந்தாம் நிமிடத்தில் நடக்கிறது.

அதே அலுவலர் மறுத்து எழுதுகிறார்: அது கல்லூரி மாணவர்கள் உரைநடை படித்த ஆய்வு. நோயாளிகளைப் பார்க்கும் பணியாளருக்கு அது எப்படிப் பொருந்தும்? தவிர, நிதி தந்தவருக்கு நாங்கள் எதைக் காட்டுவது?

பதில்: முதற் பகுதி நியாயமான மறுப்பு, ஏற்கிறேன். எனவே உரைநடையை விட்டுக் கைத்திறனுக்கு வருகிறேன். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவியில், பயிற்சி பெற்றவர்களின் திறன் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் தெளிவாகக் குறைந்துவிடுவது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை. பிறந்தவுடன் மூச்சு விடாத சிசுவுக்கு முகமூடியும் காற்றுப்பையும் கொண்டு மூச்சு கொடுக்கும் திறனும் அப்படியே. இது எப்போதாவதுதான் தேவைப்படும். தேவைப்படும்போது முதல் நிமிடத்துக்குள் தேவைப்படும். அந்த நிமிடத்தில் முகமூடியின் விளிம்பு முகத்தில் படியாமல் காற்றுக் கசிந்தால், எழுத்துத் தேர்வில் பெற்ற முழு மதிப்பெண்ணால் சிசுவின் மார்பு உயராது.

இரண்டாவது பகுதிக்கு என் பதில்: அமெரிக்க அறிஞர் கிர்க்பாட்ரிக் 1959-இலேயே பயிற்சி மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்தார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, பணியில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு மாறியதா என்பவை அவை. நீங்கள் இரண்டாம் படியில் நின்றுகொண்டு நான்காம் படியை அடைந்துவிட்டதாக அறிக்கை எழுதுகிறீர்கள். தொடக்கத் தேர்வை வைத்துக்கொள்ளுங்கள்; எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அது காட்டும். இறுதித் தேர்வை மட்டும் மூன்றாம் மாதத்துக்குத் தள்ளுங்கள். மதிப்பெண் குறைவாகத்தான் வரும். ஆனால் நிதி தந்தவரிடம் மெய்யான எண்ணைக் காட்டியிருப்பீர்கள்.

இடையில் ஒரு மேற்பார்வையாளர்: சொல்வது எளிது. என் பொறுப்பில் அறுபது பணியாளர்கள் இருக்கிறார்கள், வாகனம் ஒன்று. மூன்றாம் மாதம் எல்லாரையும் எப்படிப் பார்ப்பது?

பதில்: எல்லாரையும் பார்க்க வேண்டாம். குலுக்கல் முறையில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு திறனைப் பாருங்கள். ஏழு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அது அவர்களின் குறையன்று, பயிற்சியின் குறை. அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் 1970-இல் பணி தொடங்கிய மருத்துவர்கள் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக வளர்த்தார்கள். தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாமல், வாரந்தோறும் அவர்களை மையத்துக்கு வரவழைத்து, அந்த வாரம் கிராமத்தில் கண்டவற்றையே பாடமாக்கினார்கள். உங்கள் மாதாந்திரக் கூட்டம் இப்போது பதிவேடு சரிபார்ப்பதில் கழிகிறது என்றால், பாடத்துக்கு நேரமில்லை என்று சொல்லாதீர்கள்.

மீண்டும் அலுவலர்: அப்படியானால் வகுப்புப் பயிற்சியே வீண் என்கிறீர்களா?

பதில்: அப்படி நான் எழுதவில்லை. சுகாதாரப் பணியாளர்களின் செயல்திறனை உயர்த்தும் வழிகளைப் பற்றி 2018-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளிவந்தது. அச்சிட்ட குறிப்புகளை மட்டும் கொடுத்தபோது மாற்றம் ஏறக்குறைய இல்லை. பயிற்சியோ மேற்பார்வையோ தனித்து நடந்தபோது நடுத்தரமான முன்னேற்றம். பணியாளர்கள் குழுவாக அமர்ந்து தம் பணியிடச் சிக்கலைத் தாமே தீர்க்கும் முறையோடு பயிற்சி இணைந்தபோது அதனினும் பெரிய முன்னேற்றம். வகுப்பு வேண்டும், அது தனியாக நிற்கக் கூடாது. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: இரண்டு பயிற்சிகளுக்கு ஒரே சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். செல்லுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன், மன்றத்தைக் கேளுங்கள்.

கேள்வி (களச் செவிலியர்): கைப்பேசியில் காணொளிப் பாடம் அனுப்புகிறார்கள். இது போதுமா?

பதில்: எதைக் கற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மருந்தளவு மாறியதைத் தெரிந்துகொள்ளக் காணொளி போதும். தொலைவிலிருந்தே சிக்கலான சிகிச்சையையும் கற்பிக்கலாம் என்பதற்கு எக்கோ திட்டம் சான்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய அத்திட்டத்தில், ஊர்ப்புற மருத்துவர்கள் தம் ஹெப்பாடைட்டிஸ் சி நோயாளிகளைப் பற்றி வாரந்தோறும் நிபுணர்களோடு காணொளி வழியே கலந்து பேசினார்கள். அவர்கள் அளித்த சிகிச்சையின் பலன் பல்கலைக்கழக மருத்துவமனையின் பலனுக்கு இணையாக இருந்ததை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே பயன் தந்தது திரையன்று. தம் நோயாளியைப் பற்றித் தாமே பேசியதும், அதற்கு மறுமொழி கிடைத்ததுமே. உங்களுக்கு வரும் காணொளியிடம் நீங்கள் எதிர்க்கேள்வி கேட்க முடியுமா? முடியாதென்றால், பார்த்தபின் சக செவிலியர் ஒருவரோடு அமர்ந்து பேசுங்கள். கைத்திறனை மட்டும் எந்தத் திரையிலும் கற்றுக்கொண்டதாக எண்ணாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: இங்கே காத்திருக்காதீர்கள், இன்றே அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அவள் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ, நேரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி (பயிற்றுநர்): மேல்மட்டத்தில் சிலருக்குப் பயிற்சி அளித்து, அவர்கள் அடுத்த மட்டத்துக்கும், அடுத்த மட்டத்தார் களத்துக்கும் கற்பிக்கும் முறை பற்றி உங்கள் கருத்து என்ன?

பதில்: எண்ணிக்கையை எட்ட வேறு வழியில்லாததால் எல்லாரும் இதையே செய்கிறார்கள். ஒவ்வொரு மட்டத்திலும் முதலில் உதிர்வது செய்முறை. உரையும் படவிளக்கமும் கடைசிவரை இறங்கிவிடும், பயிற்சிப் பொம்மை இறங்காது. மூன்றாம் மட்டத்து வகுப்பில் ஒருநாள் முன்னறிவிப்பின்றிப் போய், கடைசி வரிசையில் அமருங்கள்.

கேள்வி: சான்றிதழ் தொலைந்துவிட்டது, நகல் எப்படி வாங்குவது?

பதில்: கொடுத்தவரிடம்.

கேள்வி (புதிதாகச் சேர்ந்த பணியாளர்): மேற்பார்வையாளர் அருகில் நின்று பார்த்தாலே கை நடுங்குகிறது. தாயின் முன்னாலேயே தவற்றைச் சுட்டிக்காட்டுகிறார்.

பதில்: தவறு அவருடையது. குழந்தைக்கு உடனடித் தீங்கு நேரும் என்றாலொழியத் தாயின் முன் திருத்தக் கூடாது; ஊர் உங்கள் மேல் வைத்த நம்பிக்கை அதனால் குறைந்தால், அடுத்தமுறை அந்தத் தாய் உங்களிடம் வரமாட்டார். தனியே பேச வேண்டும். உங்கள் கணிப்பை நீங்கள் முதலில் சொல்ல, அவர் பின்னர் சொல்ல வேண்டும். அவரிடம் நேரடியாகச் சொல்லத் தயக்கமிருந்தால், ஒரே குழந்தையின் மூச்சை இருவரும் ஒரே நிமிடத்தில் தனித்தனியே எண்ணித் தாளில் எழுதி ஒப்பிடலாமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு தாள்களும் மேசைக்கு வந்துவிட்டால் பேச்சு எண்களைப் பற்றியதாகிவிடும். சிலமுறை அவருடைய எண்ணும் பிழையாக இருக்கும்.

கேள்வி (மேற்பார்வையாளர், முன்பு எழுதியவர்): சரி, அடுத்த வாரம் பத்துப் பேரில் முதல் மூவரைப் பார்க்கப் போகிறேன். எதை எடுத்துச் செல்வது?

பதில்: நொடி முள் உள்ள கைக்கடிகாரம், பயிற்சிப் பொம்மை, ஒரே பக்கத்தில் அடங்கும் சரிபார்ப்புப் பட்டியல். பட்டியலைப் பையிலேயே வைத்துக்கொண்டு, முதல் நோயாளி போகும் வரை எதையும் எழுதாமல் உட்கார்ந்திருங்கள். நீங்கள் எழுதத் தொடங்கிய கணமே பணியாளர் வழக்கமாகச் செய்வதை விட்டுப் பயிற்சியில் சொன்னதைச் செய்யத் தொடங்கிவிடுவார்.